வெல்லமும் மெலடோனினும்

இப்போதெல்லாம் அமெரிக்காவுக்குப் போகிறவர்கள் விமானம் ஏறுவதற்கு மூன்று நாள் முன்பே போக ஆரம்பித்துவிடுகிறார்கள். உடம்பு என்னவோ நங்கநல்லூரில், அதே பிரம்பு நாற்காலியில், அதே மின்விசிறிக்குக் கீழேதான் இருக்கும். ஆனால் பத்து மணிக்குப் படுக்கிற மனிதர் முதல் நாள் பதினொன்றுக்குப் படுப்பார், மறுநாள் பன்னிரண்டுக்கு, அதற்கும் மறுநாள் ஒரு மணிக்கு. வீடு முழுக்கத் தூங்கிய பிறகு கூடத்தில் எல்லா விளக்கையும் போட்டுக்கொண்டு, காலையிலேயே படித்து முடித்த பேப்பரைத் திரும்பப் பிரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். என்ன என்று கேட்டால், "மேற்கே போறோமோல்லியோ, அதான் உள்ளே இருக்கற கடிகாரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாப் பின்னுக்குத் தள்ளிண்டிருக்கேன்" என்பார். கிழக்கே, சிட்னிக்கோ டோக்கியோவுக்கோ போகிறவராக இருந்தால் கதை தலைகீழ். எட்டு மணிக்கே படுக்கையில் விழுந்து, பக்கத்து அறை சீரியலின் அழுகைக்கு நடுவே தூக்கத்தை வா வா என்று கூப்பிட்டுக்கொண்டிருப்பார். எங்கள் தெருவில் நள்ளிரவில் விளக்கெரிகிற வீடுகளை எண்ணினால் அந்த வாரம் எத்தனை பேர் பெட்டி கட்டுகிறார்கள் என்று சொல்லிவிடலாம். அந்த வீடுகளில் எங்கள் வீடும் உண்டு.

எல்லாம் கைபேசிக்குள் இருக்கும் ஒரு செயலியின் உத்தரவு. நியூ ஜெர்சியில் இருக்கும் மகள் வாங்கிப் போட்டுக் கொடுத்தது. வழக்கமாக எத்தனை மணிக்குத் தூங்குவீர்கள், எத்தனை மணிக்கு எழுவீர்கள், நீங்கள் காலை ஆளா, ராத்திரி ஆளா என்று அது கேட்கும். டிக்கெட் விவரத்தைக் கொடுத்தால் அட்டவணை போட்டுக் கொடுத்துவிடும். அதற்கப்புறம் நம் வாழ்க்கை நம்முடையது இல்லை. இப்போது வெளிச்சம் பார். இப்போது பார்க்காதே. இப்போது காப்பி சாப்பிடலாம். இனிமேல் கூடாது. படுத்துக்கொள். எழுந்திரு. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் என் மனைவிகூட என்னை இப்படி மணிக்கணக்குப் போட்டு நடத்தியதில்லை. அவளுக்கு அதில் கொஞ்சம் பொறாமையே உண்டு என்று நினைக்கிறேன்.

ஆனால் புறப்படும் முன்னால் இவ்வளவு யோசிப்பது இந்தத் தலைமுறையின் கண்டுபிடிப்பு என்று யாராவது சொன்னால், கும்பகோணத்தில் பாம்புப் பஞ்சாங்கத்தை மடியில் வைத்துக்கொண்டு என் முதல் வெளிநாட்டுப் பயணத்துக்கு நாள் குறித்த அப்பா சிரித்திருப்பார். ராகுகாலம், எமகண்டம் எல்லாம் உள்ளூருக்குப் போகிறவனுக்குக்கூட உண்டு; தொலைதூரம் போகிறவனுக்குச் சூலம், அதாவது அந்தந்தக் கிழமைக்கு ஆகாத திசை, பார்க்க வேண்டும். ஞாயிறும் வெள்ளியும் மேற்கே சூலம், திங்களும் சனியும் கிழக்கே, செவ்வாயும் புதனும் வடக்கே, வியாழன் தெற்கே. தவிர்க்க முடியாமல் போயே ஆகவேண்டும் என்றால் பரிகாரம் உண்டு: மேற்கே போகிறவனுக்கு வெல்லம், கிழக்கே போகிறவனுக்குத் தயிர், வடக்கே பால், தெற்கே தைலம். பி.எஸ்ஸி. படித்த திமிரில் அன்றைக்கு நான் இதையெல்லாம் கேட்டு உதட்டைச் சுழித்தேன். பூமி உருண்டை, அப்பா, மேற்கே போனால் என்ன கிழக்கே போனால் என்ன, ரெண்டும் ஒண்ணுதான் என்று பிரசங்கம் வேறு. ரெண்டும் ஒன்றில்லை என்று இன்றைக்கு விஞ்ஞானமே சொல்கிறது. வெளிச்சமே காட்டாமல் அடைத்து வைத்தாலும் மனிதனுக்குள் ஓடுகிற கடிகாரம் இருபத்து நான்கு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூடுதலாகத்தான் ஒரு சுற்று முடிக்கிறதாம்; அதனால் நாளை நீட்டச் சொன்னால் சம்மதிக்கும், குறுக்கச் சொன்னால் முரண்டு பிடிக்கும். மேற்கே போகிறவன் நாளொன்றுக்கு ஒன்றரை மணி நேரம்போலப் பழகிக்கொள்வான். கிழக்கே போகிறவனுக்கு ஒரு மணி நேரமே பெரிய காரியம். அப்பா சொன்ன மருந்துகள் மட்டும்தான் மாறியிருக்கின்றன: வெல்லத்துக்குப் பதிலாகக் காப்பி, தயிருக்குப் பதிலாகத் தூக்கத்தை வரவழைக்கிற மெலடோனின்.

அதுமட்டுமில்லை. குறித்த நல்ல நேரத்தில் கிளம்ப முடியாவிட்டால் பரஸ்தானம் என்று ஒன்று வைப்பார்கள். அந்த நல்ல நேரத்துக்குப் பயணியின் துணிமணியில் ஒரு மூட்டையை மட்டும் எடுத்துப்போய் நாலு வீடு தள்ளி யார் வீட்டிலாவது வைத்துவிட்டு வருவது. கணக்குக்கு ஆசாமி புறப்பட்டாயிற்று, சௌகரியப்பட்டபோது போகும் வழியில் மூட்டையை எடுத்துக்கொண்டு போகலாம். மூன்று நாள் முன்னாலேயே தூக்கத்தை மட்டும் அட்லாண்டிக் பக்கமாக நகர்த்தி வைக்கிற இந்தச் செயலி செய்வது பரஸ்தானம் இல்லாமல் வேறென்ன? மூட்டைக்குப் பதிலாக மூளை.

நான் முதல்முதலாகப் போனது 1983இல், கபில்தேவ் கோப்பையைத் தூக்கிய அந்தக் கோடையில். அக்காவும் அத்திம்பேரும் நியூ ஜெர்சியில் எடிசன் என்ற ஊரில் இருந்தார்கள். மீனம்பாக்கத்துக்கு என்னை வழியனுப்ப ஒரு வேன் நிறைய ஜனம் வந்தது. கழுத்தில் மாலை, ஒன்றல்ல, நாலைந்து. மாலையோடு பாதுகாப்புச் சோதனைக்குள் போனவனை அதிகாரி ஒருவர் கல்யாணமா, காசியாத்திரையா என்று கேட்டார். அதற்கப்புறம் பம்பாய், சாந்தாக்ரூஸில் இறங்கி, பஸ்ஸில் சஹாருக்குப் போய், அந்தப் புதுக் கட்டடத்தில் பெட்டியின் மேல் உட்கார்ந்து பாதி ராத்திரியைக் கழித்து, பிறகு ஏர் இந்தியாவின் ஜம்போ. ஜன்னல்களைச் சுற்றி வெளியே ராஜஸ்தானத்து அரண்மனை வளைவுகளைச் சிவப்பில் வரைந்திருப்பார்களே, அந்த விமானம். உள்ளே பின்வரிசைகளில் புகைபிடிக்கலாம். புகைக்கும் புகையில்லாத பகுதிக்கும் நடுவே இருந்தது ஒரு பலகை அறிவிப்பு மட்டுமே, அதைப் புகை படித்துப் பார்த்ததாகத் தெரியவில்லை. சினிமா பார்க்க, டாக்டர் வைத்திருக்கும் ஸ்டெதஸ்கோப்பின் உறவினரான ஒரு ரப்பர் குழாயைக் காதில் சொருகிக்கொள்ள வேண்டும்.

திட்டம் எதுவும் இல்லாமல் போனேன் என்று சொன்னால் அத்திம்பேருக்கு அநியாயம் செய்ததாகும். அவர் திட்டம் அனுப்பியிருந்தார். சிகாகோவுக்குப் பக்கத்திலுள்ள ஆர்கான் தேசிய ஆய்வுக்கூடத்தில் சார்லஸ் எஹ்ரெட் என்ற விஞ்ஞானி ஒரு பத்திய முறை வகுத்திருந்தார். அந்த வருஷம் அது புத்தகமாகவும் வந்திருந்தது. பயணத்தையொட்டிய நாலு நாளும் ஒரு நாள் விருந்து, ஒரு நாள் விரதம், மறுபடி விருந்து, மறுபடி விரதம்; காப்பி மாலை மூன்றிலிருந்து ஐந்துக்குள் மட்டும்; போய்ச் சேர்கிற ஊரின் காலை ஆகாரத்தோடு உடம்பைப் புதுக் கணக்கில் தொடங்கி வைக்கலாம் என்பது சித்தாந்தம். ஏரோகிராமில் எதையும் உள்ளே வைத்து அனுப்பக்கூடாது என்பதால் அதை முழுக்கத் தன் பொடி எழுத்தில், மடிப்புகளின் ஓரம் வரை, எழுதியிருந்தார். நான் அதை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். "விரதம் இருக்கறதுன்னா ஏகாதசிக்கு இருக்கப்படாதோ? ஏரோப்ளேனுக்காகவா ஒருத்தன் பட்டினி கிடப்பான்?" என்றாள். விருந்து நாட்களுக்கு முழு ஒத்துழைப்பு கொடுத்தாள். விரத நாட்களிலும் விருந்து போட்டாள். விமானத்தில் நான் அந்தக் கொள்கையைத் தொடர்ந்தேன். டிக்கெட் விலையில் சேர்ந்தது என்ற ஒரே காரணத்துக்காக, தூங்கிக்கொண்டிருந்தாலும் எழுந்து, நீட்டின தட்டு ஒவ்வொன்றையும் வாங்கிச் சாப்பிட்டேன்.

அந்தப் பயணத்தில் லண்டனுக்கு அப்புறம் வந்த பகலை நான் மறக்கவில்லை. மத்தியானம் கிளம்பினோம், மத்தியானத்திலேயே இருந்தோம். பூமி அந்த வடக்கு அட்சரேகைகளில் சுற்றுகிற வேகமும் ஜெட் விமானத்தின் வேகமும் கிட்டத்தட்ட ஒன்று, மணிக்குத் தொள்ளாயிரம் கிலோமீட்டர் வாக்கில். பூமி கிழக்கே சுழல, நாங்கள் மேற்கே ஓட, சூரியன் இருந்த இடத்தைவிட்டு அசைய மனசில்லாமல் ஜன்னலில் நின்றது. கீழே மேகம், பிறகு கிரீன்லாந்துப் பக்கத்துப் பனி, பிறகு கனடாவின் ஏரிகள். பக்கத்து இருக்கையில் ஒரு குஜராத்திப் பெரியவர் மணிக்கொரு தரம் என்னிடம் மணி கேட்டார். நான் என் எச்.எம்.டி. கடிகாரத்தைப் பார்த்து, ராத்திரி ஒன்பது, ராத்திரி பத்து, ராத்திரி பதினொன்று என்று சொல்லிக்கொண்டே வந்தேன். ஒவ்வொரு தடவையும் அவர் ஜன்னல் வெயிலைப் பார்த்து, என்னைப் பார்த்து, தலையாட்டிவிட்டுத் திரும்பிக்கொள்வார். கடிகாரத்தை மாற்ற எனக்கு மனசு வரவில்லை. ஊரில் இப்போது விளக்கேற்றுவார்கள், இப்போது தம்பி பால் வாங்கப் போவான் என்று கணக்குப் போட்டுக்கொண்டிருப்பதில் ஒரு சுகம் இருந்தது. எடிசனிலும் பல நாள் அந்தக் கடிகாரம் மெட்ராஸ் நேரத்தையே காட்டிக்கொண்டிருந்தது. இன்றைக்குச் சக்கரம் தரையைத் தொட்டு, கைபேசிக்கு உயிர் வந்ததும் அதுவே நேரத்தை மாற்றிக்கொண்டுவிடுகிறது. நம்மை ஒரு வார்த்தை கேட்பதில்லை.

போய்ச் சேர்ந்த ராத்திரி மூன்று மணிக்கு, கல்லூரி நாள்களில் தட்டி எழுப்பினாலும் எழுந்திராத நான், பளிச்சென்று விழித்துக்கொண்டேன். மெட்ராஸில் அப்போது பகல் பன்னிரண்டரை. உடம்பு சாம்பாரை எதிர்பார்த்தது. ஓசைப்படாமல் மாடிப்படி இறங்கினேன். சமையலறையில் விளக்கு எரிந்தது. அத்திம்பேர் லுங்கியில் நின்றுகொண்டு ரவை வறுத்துக்கொண்டிருந்தார்.

"வாடா. மூணு மணிக்கு வருவேன்னு தெரியும். எல்லாரும் மூணு மணிக்குத்தான் வருவா" என்றார்.

காலையில் ஆபீஸ் போகவேண்டிய மனுஷர். ஆனால் ஊரிலிருந்து யார் வந்தாலும் முதல் சில ராத்திரிகள் அவர் இப்படித்தான் எழுந்துவிடுவார் என்று அக்கா பிறகு சொன்னாள். உப்புமாவும், வடிகட்டியில்லாமல் துணியில் வடித்த காப்பியும் வைத்துக்கொண்டு அந்தச் சாப்பாட்டு மேஜையில் அவர் என்னிடம் பேசியதெல்லாம் பகலில் ஒருநாளும் பேசாதது. வந்த புதிதில் ஒரு குளிர்காலம் முழுக்கத் தமிழில் ஒரு வார்த்தை பேச ஆளில்லாமல் இருந்தது. தன் அப்பா செத்துப்போன தந்தி, காரியங்கள் முடிந்த பிறகு கைக்கு வந்தது. அடுத்த வருஷம் திரும்பிவிடலாம் என்று ஒவ்வொரு வருஷமும் அக்காவிடம் சொல்லி வந்தது, அதை அவள் நம்புவதை எப்போது நிறுத்தினாள் என்று தனக்குத் தெரியாதது. ஐந்து மணிக்கு வெளுக்க ஆரம்பித்ததும் பேச்சை நிறுத்திவிட்டு, அத்திம்பேர் மறுபடி அத்திம்பேராகி, டையைக் கட்டிக்கொண்டு போய்விட்டார். நான் பகல் முழுக்கத் தூங்கினேன். ஞாயிற்றுக்கிழமை, திறந்து சில வருஷமே ஆகியிருந்த ஃபிளஷிங் பிள்ளையார் கோவிலுக்குக் கூட்டிப்போனார்கள். அர்ச்சனையின்போது கைகூப்பி நின்றபடியே தூங்கினேன். குருக்கள் என் பக்தியைப் பார்த்து இரண்டு வாழைப்பழம் அதிகமாகக் கொடுத்தார்.

ஊருக்குத் திரும்பியதும் அந்தத் தூக்கத்துக்கு வேறொரு மதிப்பு ஏற்பட்டது. ஆபீசில் மேஜைமேல் தலை சாய்ந்தால், "அவர் ஸ்டேட்ஸ் போயிட்டு வந்திருக்கார்" என்று பியூன் மற்றவர்களிடம் மெதுவாகச் சொல்லுவான். நானும் கண்ணைப் பாதி திறந்து, "அங்கே இப்போ ராத்திரி" என்று முனகுவேன். ஒரு மணி வித்தியாசத்துக்கு ஒரு நாள் என்று வைத்தாலும் பத்து நாளில் சரியாகியிருக்க வேண்டிய விஷயம் என்னிடம் ஒன்றரை மாசம் தங்கியது. கொண்டுவந்த சாக்லேட் தீர்ந்த வாரத்தில்தான் குணமானேன். அந்தக் காலத்தில் வெளிநாடு போய் வந்தவனிடம் பாஸ்போர்ட்டைக் காட்டு என்று யாரும் கேட்பதில்லை; சாயங்காலம் நாலு மணிக்குக் கொட்டாவி விட்டால் போதும்.

என் பாட்டியின் தம்பி ரஜூலா கப்பலில் பினாங்குக்குப் போய் வந்தவர். நாகப்பட்டினத்தில் ஏறினால் அங்கே போய்ச் சேர நாள் கணக்காகும். அதற்குள் கப்பல்காரர்கள் கடிகாரத்தைத் தினம் கொஞ்சம் கொஞ்சமாக முன்னால் நகர்த்திக்கொண்டே போவார்களாம். கரையில் இறங்கும்போது உடம்பும் ஊரும் ஒரே நேரத்தில் இருக்கும். அவர் வாந்தியெடுத்ததாகச் சொன்னார், மூட்டைப்பூச்சி கடித்ததாகச் சொன்னார், அரிசியில் கல்லிருந்ததாகச் சொன்னார். தூக்கம் மாறியதாக மட்டும் சொன்னதேயில்லை. கப்பல் போய் விமானம் வந்து பறித்த அந்தச் சௌகரியத்தை, நங்கநல்லூர்க் கூடத்தில் மூன்று நாள் விளக்கெரிய உட்கார்ந்து திரும்ப வாங்க வேண்டியிருக்கிறது.

உடம்புக்குள் கடிகாரம் இருக்கிறதென்று கண்டுபிடித்தவர்களுக்கு 2017இல் நோபல் பரிசு கொடுத்தார்கள் என்று சொல்லுவார்கள். சரியாகச் சொன்னால், அந்தக் கடிகாரத்தின் பல்சக்கரங்களைப் பழ ஈக்களின் மரபணுவில் கண்டுபிடித்தவர்களுக்கு. கடிகாரம் இருக்கிற சங்கதி புளியமரத்துக்கே தெரியும். ராத்திரியானால் இலையை மூடிக்கொள்ளும், காலையில் விரிக்கும். அலெக்சாந்தரின் கடற்படைத் தலைவர்களில் ஒருவரான ஆண்ட்ரோஸ்தெனெஸ், இன்றைக்குப் பஹ்ரைன் என்று சொல்கிற தீவில் அதைப் பார்த்துக் குறித்து வைத்தார். 1729இல் பிரெஞ்சுக்காரர் தெ மைரான், தொட்டாற்சுருங்கி வகைச் செடி ஒன்றை இருட்டில் பூட்டி வைத்துப் பார்த்தார். வெயிலே படாமலும் அது வேளை தவறாமல் இலையை விரித்து மூடியது. மனிதனுக்கு அந்தக் கடிகாரம் மூளையின் அடியில், இரண்டு கண் நரம்புகளும் குறுக்கே வெட்டிக்கொள்ளும் இடத்துக்குச் சற்று மேலே இருக்கிறது. கண்ணில் விழும் வெளிச்சம்தான் அதற்குச் சாவி. எந்த நேரத்தில் விழுகிறது என்பதில்தான் சூட்சுமம். வழக்கமாக எழுகிற நேரத்துக்கு இரண்டு மூன்று மணி முன்பு உடம்புச் சூடு மிகக் குறைவாக இருக்கும். அதற்கு முன்னால் வெளிச்சம் பட்டால் கடிகாரம் பின்னே போகும், அதற்குப் பின்னால் பட்டால் முன்னே வரும். அந்தக் கோட்டின் தப்பான பக்கத்தில் நின்று சூரிய நமஸ்காரம் செய்தால், சேரவேண்டிய திசைக்கு எதிர்த்திசையில் போய்ச் சேரலாம்.

அதனால்தான் போன தடவை திரும்பி வந்தபோது, காலை ஏழு மணிக்கு நான் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு பால் வாங்கப் போனேன். உடம்பு இன்னும் நியூ ஜெர்சியில் இருந்தது. அதன் அந்தக் கோடு சென்னையில் மத்தியானம் இரண்டு மணிக்கு வந்து விழுந்தது. அதுவரை வெளிச்சம் ஆகாது என்று உத்தரவு. "கேட்டராக்ட் ஆபரேஷன் ஆயிடுத்தா மாமா? எந்தக் கண்?" என்று பால் பூத்தில் ஒரு பெண்மணி கேட்டாள். விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டு, "சொட்டு மருந்து தவறாமப் போட்டுக்கோங்கோ" என்றாள்.

விமானமும் இப்போது இந்தச் சதியில் சேர்ந்துகொண்டுவிட்டது. புது ட்ரீம்லைனர்களின் உடல் உலோகத்தகடு அல்ல, கார்பன் நார்க் கலவை. அதனால் உள்ளே காற்றழுத்தத்தைக் கொஞ்சம் கூட்டி வைக்க முடிகிறது. பழைய விமானங்களில் எட்டாயிரம் அடி மலைமேல் உட்கார்ந்திருந்த கணக்கென்றால், இதில் ஆறாயிரம் அடி. ஈரப்பதமும் கூடுதல், மூக்கு வறளுவதில்லை. 2019இல் ஆஸ்திரேலியாவின் குவான்டாஸ், நியூயார்க்கிலிருந்து சிட்னிக்குப் பத்தொன்பது மணி நேரம் இடைவிடாமல் ஒரு பரிசோதனை விமானத்தை ஓட்டி, விளக்கையும் சாப்பாட்டு வேளையையும் மாற்றிப் பயணிகளை அளந்து பார்த்தது. எல்லாம் நல்லதற்குத்தான், இடுப்பும் மூக்கும் அதற்கு சாட்சி. ஆனால் ட்ரீம்லைனரின் ஜன்னலில் இழுத்து மூடுகிற கதவு கிடையாது. கண்ணாடியே நிறம் மாறும். விமானப் பணிப்பெண் எங்கேயோ ஒரு பொத்தானை அழுத்த, எல்லா ஜன்னலும் ஆழ்ந்த நீலத்தில் மூழ்கி, வெளியே என்னுடைய அந்த அசையாத மத்தியானம் நின்றுகொண்டிருக்க, உள்ளே முந்நூறு பேருக்கு ராத்திரியாகிவிடுகிறது. பேச்சுத்துணைக்குப் பக்கத்தில் ஆளுண்டு, ஆனால் அவர் காதில் பஞ்சும் கண்ணில் பட்டையும். மணி கேட்க ஒரு குஜராத்திப் பெரியவர் இல்லை.

பக்கத்து இருக்கையில் மனைவி உண்டு என்று சொல்லலாம்; ஆனால் செயலி எங்களைப் பிரித்துவிட்டது. அவள் நாலரைக்கு எழுந்து கோலம் போடுகிற ஜாதி, நான் கொஞ்சம் தாமதம். ஆகவே அட்டவணையும் வேறு. அவளுக்குத் தூக்கம் என்று வந்த நேரத்தில் எனக்கு வெளிச்சம் என்று வந்தது. நான் தலைக்கு மேலிருந்த விளக்கைப் போட்டேன். அவள் அணைத்தாள். நான் போட்டேன். "உங்க அமெரிக்கா டயத்துக்கு நான் எதுக்கு முழிச்சுண்டிருக்கணும்?" என்றாள். ஒரே கைப்பிடியைப் பகிர்ந்துகொண்டு, இரண்டு கால மண்டலங்களில் அட்லாண்டிக்கைக் கடந்தோம்.

பலன் இல்லாமலில்லை. மகள் வீட்டில் முதல் ராத்திரியே ஆறு மணி வரை தூங்கினேன். இரண்டாவது ராத்திரியும். மூன்றாவது நாள் பேத்தியோடு பூங்காவுக்குப் போய் ஊஞ்சல் ஆட்டினேன், ஒரு கொட்டாவி கிடையாது. "பார்த்தியாப்பா, ஆப் எப்படி வேலை செய்யறது!" என்று மகளுக்குப் பெருமை. எனக்கும்தான். ஆனால் ஆறு மணிக்கு நான் கீழே வருகிறபோது அவள் காதில் கருவியை மாட்டிக்கொண்டு பெங்களூரில் யாருடனோ பேசிக்கொண்டிருப்பாள். மாப்பிள்ளை ஏழு மணிக்கு ரயிலைப் பிடிக்க ஓடுவார். சாயங்காலம் எல்லோரும் சேர்ந்து உட்கார்ந்தால் பேச்சு பள்ளிக்கூடம், மளிகை, வார இறுதியில் யார் வீடு. எல்லாம் சரியான பேச்சு, சரியான நேரத்தில். மூன்று மணிக்கு அந்தச் சமையலறையில் அரிசி குக்கரின் சிவப்புப் பொட்டு மட்டும் எரிந்துகொண்டிருக்கும் என்று யூகிக்கிறேன். நான் பார்த்ததில்லை, மெலடோனின் மிட்டாய் வேலை செய்துகொண்டிருந்தது. அங்கே அதைப் பழரச மிட்டாய் வடிவில் டப்பா டப்பாவாக விற்கிறார்கள். அத்திம்பேர் இருந்திருந்தால் அந்த டப்பாவை எனக்குத் தெரியாமல் ஒளித்து வைத்திருப்பார்.

மூன்று மணிக்கு விழித்திருக்கிறவர்கள் உலகத்தில் தீர்ந்துவிடவில்லை. அவர்கள் எங்கள் தெருவுக்கே குடிவந்துவிட்டார்கள். எதிர்வீட்டுப் பையன் ஓ.எம்.ஆரில் ஒரு கம்பெனிக்காக டெக்சாஸ் நேரத்தில் வேலை செய்கிறான். சாயங்காலம் ஆறுக்கு அவனுக்கு விடியும், காலை ஆறுக்கு இட்லி தின்றுவிட்டு ஜன்னலில் போர்வையைக் கட்டித் தொங்கவிட்டுப் படுப்பான். மீனம்பாக்கம் பக்கமே போனதில்லை, பாஸ்போர்ட்டில் ஒரு முத்திரை கிடையாது. வருஷம் முழுக்க அவனுக்கு என் 1983ஆம் வருஷக் கண்கள். நான் ஒன்றரை மாசம் பெருமையடித்துக்கொண்டதை அவன் மாசச் சம்பளத்துக்குச் செய்கிறான். அவன் அம்மா என் மனைவியிடம், "அமெரிக்காவுக்குப் போகாமலே இவனுக்கு அமெரிக்கத் தூக்கம்" என்று குறைப்பட்டுக்கொள்கிறாள். நடுராத்திரி நான் கூடத்தில் பரஸ்தானம் வைத்துக்கொண்டிருக்கும்போது, அவன் பால்கனியில் காப்பியோடு வந்து நின்று கையசைப்பான். நேற்று ராத்திரி கீழே இறங்கியே வந்துவிட்டான். திண்ணையில் உட்கார்ந்து இரண்டு மணி நேரம் பேசினான். வேலையை விட்டுவிட்டு ஊட்டியில் காளான் வளர்க்கப் போகிறானாம், வீட்டில் யாருக்கும் தெரியாதாம். அட்டவணைப்படி நான் ஒரு மணிக்கே படுத்திருக்க வேண்டும். கைபேசி உள்ளே இரண்டு தடவை மணியடித்துவிட்டு ஓய்ந்தது.

இப்போது மறுபடியும் கிளம்ப வேண்டும். சென்னையிலிருந்து மேற்கே போகிற விமானங்கள் எதற்காக இந்த அகால வேளையில், நள்ளிரவு தாண்டிப் புறப்படுகின்றன என்று முன்பெல்லாம் எரிச்சலாக இருக்கும். காலையில் ஐரோப்பாவில் இறக்கினால்தான் அங்கிருந்து அமெரிக்கா போகிற பகல் விமானங்களைப் பிடிக்க முடியும், ஃபிராங்க்ஃபர்ட்டில் பதினொன்றிலிருந்து ஐந்து வரை இறங்கவும் விடமாட்டார்கள். டிக்கெட்டில் சனிக்கிழமை, அதிகாலை இரண்டு மணி வாக்கில் என்று போட்டிருக்கிறது. சனிக்கிழமை மேற்கே சூலமில்லை, நிம்மதி என்றேன் மனைவியிடம். அவள் காலண்டரைக் கையில் எடுத்தாள்.

"சூரியன் உதிச்சாத்தானே சனிக்கிழமை? ராத்திரி ரெண்டு மணின்னா அது இன்னும் வெள்ளிக்கிழமைதான். வெள்ளிக்கிழமை மேற்கே சூலம்."

விமானக் கம்பெனிக்கு நள்ளிரவில் நாள் மாறுகிறது என்றேன். "அது அவாளுக்கு" என்றாள். சூலத்துக்கு நாழிகைக் கணக்கு உண்டு, காலையோடு தோஷம் தீர்ந்துவிடும் என்று ஒரு கட்சி இருப்பதை எடுத்துச் சொன்னேன், பி.எஸ்ஸி. படித்தவன் அப்பாவின் பஞ்சாங்கத்திலிருந்து வாதாடுவதைப் பார்த்து அவளுக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் விட்டுக்கொடுக்கவில்லை. இதற்கிடையே செயலியும் தன் பங்குக்கு வெள்ளிக்கிழமை ராத்திரி பத்து மணிக்கு ஒரு காப்பி விதித்திருந்தது. தூங்கிவிடாமல் நாளை நீட்ட வேண்டுமாம். மனைவி சற்று யோசித்தாள். மறுநாள் மளிகைக் கடைக்குப் போய் அரைக் கிலோ பனைவெல்லம் வாங்கி வந்தாள். காப்பியில் சர்க்கரைக்குப் பதில் அதைப் போட்டுவிட்டால் ரெண்டு பேர் சொன்னதும் ஆயிற்று என்றாள். வெள்ளை வெல்லம் போட்டால் பால் திரிந்துவிடுமாம், ஆகவே பனைவெல்லம். அதையும் சாஸ்திரம் வெல்லமாக ஒப்புக்கொள்ளுமா என்று தெரிந்துகொள்ள இப்போது மாம்பலத்து வாத்தியாருக்கு போன் போட்டுக்கொண்டிருக்கிறாள்.